சிறிய தாவரத் தொட்டிக்கு எந்த வெளிவடிகட்டி?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மீன்தொட்டி

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டியில் கிரிப்டோகொரைன், ஜாவா பேர்ன் செடிகளையும் பத்து செரி பார்ப் மீன்களையும் வளர்க்கிறேன். உள்ளே பொருத்திய வடிகட்டி இடத்தை அடைத்துக்கொண்டு செடிகளின் அழகையும் கெடுக்கிறது. ஆகவே வெளியே வைக்கும் கனிஸ்டர் வடிகட்டி ஒன்றை வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர் ஓடும் ஒன்றைக் காட்டி, "பெரியதாக எடுத்துவிட்டால் கவலையில்லை" என்கிறார். எங்கள் ஊரில் குளிரும் அதிகம், மின்சாரமும் அடிக்கடி நின்றுவிடும். எதை வாங்குவது? ஹீட்டர் கட்டாயமா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: கடைக்காரர் காட்டியதை வாங்க வேண்டாம். உங்கள் தொட்டியின் வெளிக்கணக்கு ஏறத்தாழ 56 லீற்றர். மண், கல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் அதில் நிற்கும் தண்ணீர் 45 லீற்றர் அளவில்தான் இருக்கும். மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர் என்பது அந்தத் தண்ணீரை இருபது தடவைக்கு மேல் சுற்றிவிடும் வேகம். செரி பார்ப், நமது இலங்கையின் தென்மேற்குத் தாழ்நிலத்தில் மரநிழல் விழும் மெல்லோடைகளில் வாழும் மீன். அதை இரவும் பகலும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வைப்பது அதன் இயல்புக்கு மாறானது. கிரிப்டோகொரைனின் வேரடி மண்ணும் அந்த வேகத்தில் அரித்துப்போகும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓட்ட அளவு, உள்ளே எந்த ஊடகமும் (தண்ணீரை வடிக்கும் நிரப்புப் பொருளும்) இல்லாத நிலையில் அளந்த அளவு என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஸ்பொஞ்ச், செரமிக் வளையம், பஞ்சு எல்லாவற்றையும் நிரப்பி, ஹோஸ் குழாயும் பூட்டிய பிறகு, அதில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். தொட்டித் தண்ணீர் மணித்தியாலத்துக்கு நான்கு முதல் ஆறு தடவை சுற்றினால் உங்களுக்குப் போதும். எனவே பெட்டியில் 300 முதல் 450 லீற்றர் வரை குறிப்பிட்டிருப்பவற்றுள் ஒன்றைப் பாருங்கள். ஜேர்மனியத் தயாரிப்பான ஈஹைம் கிளாசிக் 150 என்பது 300 லீற்றரும் 5 வொட்டும், அதற்கு அடுத்த 250 என்பது 440 லீற்றரும் 8 வொட்டும் கொண்டவை. சீனத் தயாரிப்பான சன்சன் 603பி என்பது 400 லீற்றரும் 6 வொட்டும் கொண்டது. இவற்றுள் எதை ஓட்டினாலும் மின்கட்டணத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் ஓட்ட அளவை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். மலையகத்தில் வடிகட்டி வாங்குபவர் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, உட்கூடையில் எத்தனை லீற்றர் ஊடகம் கொள்ளும் என்பதைத்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அந்த ஊடகத்தின் மேற்பரப்பில்தான் குடியிருக்கின்றன. அவை 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான தண்ணீரில் நன்றாகப் பெருகும். 18 பாகையில் அவற்றின் வளர்ச்சி சுமார் பாதியாகக் குறைந்துவிடும். கொழும்பில் ஒரு சிறு கூடை செய்யும் வேலைக்கு, சூடேற்றாத ஒரு ஹட்டன் தொட்டியில் பெரிய கூடை வேண்டும். செடிகளும் அமோனியாவை நேரடியாக உறிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் குளிரில் செடியின் வளர்ச்சியும் மந்தமாகிவிடுவதால், அந்த உதவியை முழுதாக நம்பியிருக்க முடியாது. ஆகவே மேலே சொன்னவற்றுள் பணம் இடங்கொடுத்தால் ஈஹைம் 250 அளவிலான, பெட்டி பெரிதாகவும் ஓட்டம் மிதமாகவும் உள்ள ஒன்றையே நான் சிபாரிசு செய்வேன். ஓட்டம் கூடுதலாகத் தோன்றினால், தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் பக்கத்து வால்வைச் சற்று மூடலாம். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் மூட வேண்டாம். பம்பி காற்றிழுத்துப் பழுதாகும்.

அடுத்தது உதிரிப்பாகம். கனிஸ்டர் வடிகட்டியில் தேய்பவை மூன்றே பொருட்கள்: தண்ணீரைத் தள்ளும் சிறு சுழல்விசிறியான இம்பெல்லர், அது சுழலும் மெல்லிய செரமிக் தண்டு, தலையையும் பெட்டியையும் இறுக்கும் றப்பர் வளையம். அந்தத் தண்டு தீக்குச்சி அளவில்தான் இருக்கும். கழுவும்போது கைதவறினால் இரண்டாக ஒடிந்துவிடும். அப்போது அதை மட்டும் தனியே வாங்க முடியாவிட்டால், மற்றெல்லாம் நன்றாயிருந்தும் முழு வடிகட்டியையும் ஒதுக்கிவைக்க நேரும். எனவே பணம் கொடுப்பதற்கு முன், இந்த மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைக்குமென்றால் அன்றைக்கே ஒரு தண்டையும் ஒரு வளையத்தையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் வடிகட்டியானால், அது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியதா என்று அடியிலுள்ள தகட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஹீட்டர் கட்டாயமா என்ற கேள்விக்கு, இந்த மீனுக்கு ஆம் என்பதே பதில். செரி பார்ப்புக்கு 23 முதல் 26 பாகை வரை வேண்டும். தை மாத இரவில் ஹட்டன் வீடொன்றின் அறை 15 பாகைக்கு இறங்கக்கூடும் என்பதால், ஒன்பது பாகை உயர்த்த 50 வொட் போதாது. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் 100 வொட் ஹீட்டரை எடுத்து, தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் போடுங்கள். வடிகட்டியின் வெளிவாய்க்கு அருகில் அதைப் பொருத்தினால் சூடு தொட்டி முழுவதும் பரவும். குளிர்ந்த தரையில் வடிகட்டி நிற்பதால் சூடு போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓட்டம் இருக்கும்வரை தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் ஒரு நிமிடம் அளவுக்கே தங்குகிறது.

கேள்வி: தொட்டியை மேசைமீது வைத்து, வடிகட்டியைக் கீழே தரையில் வைக்கிறேன். 400 லீற்றர் பம்பியால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற முடியுமா? உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பம்பியும் மீனும் பாதிக்கப்படுமா? புதுத் தண்ணீர் விட்ட மறுநாள் வடிகட்டி கடகடவென்று சத்தமிடுவதும் ஏனென்று தெரியவில்லை.
– ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: இறங்கும் குழாயிலும் ஏறும் குழாயிலும் தண்ணீர் நிறைந்திருப்பதால் இரண்டின் பாரமும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன, பம்பி வெல்ல வேண்டியது குழாயிலும் ஊடகத்திலும் ஏற்படும் உராய்வை மட்டுமே. உயரத்தைவிட, தேவைக்கு மேல் நீண்டு சுருண்டு கிடக்கும் ஹோஸ்தான் ஓட்டத்தைக் கெடுக்கிறது. குழாயை அளவாக வெட்டுங்கள். கடல்மட்டத்தில் சுமார் 10 மீற்றர் வரை செயற்படும் உறிஞ்சுகுழாய், 1868 மீற்றர் உயரத்திலுள்ள உங்கள் ஊரில் 8 மீற்றர் வரையே செயற்படும் என்பது உண்மை. ஆனால் மேசையின் உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது.

ஒக்சிசன் விடயத்தில் உங்கள் ஐயம் நியாயமானது. குளிர்ந்த நீர் கூடுதல் ஒக்சிசனைக் கரைத்து வைக்கும், ஆனால் குறைந்த காற்றழுத்தம் அதைக் குறைக்கும். நுவரெலியாவில் 16 பாகைத் தண்ணீரிலும், கொழும்பில் 28 பாகைத் தண்ணீரிலும் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் என்ற ஒரே அளவுதான் கரையும். அந்தத் தண்ணீரை ஹீட்டரால் 25 பாகைக்குச் சூடாக்கினால், கொழும்புத் தொட்டியை விடவும் குறைவாகவே இருக்கும். ஆகையால் வெளிவாய்க் குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக வைத்து, மேற்பரப்பு எந்நேரமும் மெல்லச் சலசலக்குமாறு திருப்பிவிடுங்கள். செடிகளுக்காக உருளையிலிருந்து காபனீரொட்சைட்டு செலுத்துபவர்கள் அந்தச் சலசலப்பைப் பகலில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

சத்தத்துக்கும் இதே காரணந்தான். குளிர்ந்த மலைநீரில் கரைந்துள்ள காற்று, தொட்டியின் சூட்டில் சிறு குமிழிகளாகப் பிரிந்து வடிகட்டியின் தலைப்பகுதியில் சேர்கிறது. இம்பெல்லர் தண்ணீரோடு காற்றையும் அடிப்பதால் சத்தம் எழுகிறது. பெட்டியை மெதுவாக இரு பக்கமும் சாய்த்தால் காற்று வெளியேறும். புதுத் தண்ணீரை ஒருநாள் முன்பே வாளியில் பிடித்து அறைக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: மழையில் மரம் விழுந்து காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் இல்லை. அதுவரை நன்றாயிருந்த மீன்கள், மின்சாரம் வந்து வடிகட்டி ஓடத் தொடங்கிய பிறகே இறந்தன. வடிகட்டி பழுதா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். வடிகட்டி பழுதல்ல. கனிஸ்டர் என்பது காற்றுப் புகாத மூடிய பெட்டி. ஓட்டம் நின்றதும் உள்ளிருக்கும் பற்றீரியாக்கள் அந்தச் சிறிதளவு தண்ணீரிலுள்ள ஒக்சிசனை விரைவில் தீர்த்துவிடுகின்றன. பல மணித்தியாலங்கள் கடந்தால் அவை மடியத் தொடங்கி, அடைபட்ட கழிவு அழுகுகிறது. மின்சாரம் வந்ததும் பம்பி தானாக இயங்கி, அந்த நஞ்சேறிய தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது. 2022ஆம் ஆண்டு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில் இப்படித் தொட்டிகளை இழந்தவர்கள் பலர்.

இனிமேல் மின்சாரம் நின்றதும் வடிகட்டியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வராதென்று தெரிந்தால், வால்வுகளை மூடிப் பெட்டியைத் திறந்து, ஊடகக் கூடையை எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய அகன்ற பேசினில் பாதி மூழ்குமாறு வையுங்கள். மூடியே வைத்திருந்து திறக்கும்போது அழுகிய முட்டை மணம் வந்தால், உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே கொட்டி, ஊடகத்தைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பின்பே ஓடவிடுங்கள். அதன்பின் சில நாட்களுக்கு மீனுக்கு உணவைப் பாதியாகக் குறையுங்கள்.

வைபை ரூட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் 12 வோல்ற்று நேர்மின்னோட்டமே தருவதால், அதில் இந்தப் பம்பியை ஓட்ட முடியாது. மலிவான இன்வேர்ட்டர்களின் சதுர அலை மின்சாரத்தில் பம்பி உறுமிச் சூடாகும். உலர்மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப்பம்பி ஒன்றை வீட்டில் வைத்திருப்பதே சிக்கனமும் பாதுகாப்புமான வழி.

கேள்வி: எங்கள் லயத்தில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான். செடித்தொட்டியில் செரி இறால் விட ஆசை. வெளிவடிகட்டிக்குள் எந்த ஊடகத்தைப் போடுவது? கார்பன் வேண்டுமா?
– ஒரு கல்லூரி மாணவர், மஸ்கெலியா

பதில்: நமது மலைப்பாறைகளில் சுண்ணாம்பு குறைவு, பீலித் தண்ணீர் மிக மென்மையானது. வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிப்பதால், மென்னீர்த் தொட்டியில் பீஎச் (அமில–கார அளவு) படிப்படியாக இறங்கி 6க்குக் கீழே போனதும் அவற்றின் வேலை பெரிதும் மந்தமாகிவிடும். ஆகவே கீழே முரட்டு ஸ்பொஞ்ச், நடுவில் செரமிக் வளையம், மேலே மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு என்று அடுக்கி, நடுக்கூடையில் கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பி ஓட்டை நன்கு கழுவி, ஒரு கைப்பிடி அளவு வலைப்பையில் கட்டிப் போடுங்கள். இறாலின் ஓட்டுக்கும் அந்தக் கல்சியம் உதவும். இதே வேலைக்குப் பயன்படும் பவளப்பாறைத் துண்டு சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதைத் தேட வேண்டாம். கார்பன் அன்றாடத் தேவையல்ல. செடிக்கு இடும் நுண்ணூட்டங்களில் ஒரு பகுதியையும் அது பிடித்துக்கொள்ளும்.

உறிஞ்சும் வாயில் கட்டாயம் ஒரு ஸ்பொஞ்ச் உறையை மாட்டுங்கள். இல்லாவிட்டால் இறால் குஞ்சுகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அந்த உறையை வாரம் ஒருமுறை பிழிந்து கழுவினால், வடிகட்டியை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்தால் போதும்.

இன்னொன்றையும் தேயிலை மலையில் வசிப்பவர் என்பதால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து தெளிப்பதுண்டு. செப்பு மிகச் சிறிதளவு கலந்தாலும் இறாலும் நத்தையும் இறந்துவிடும், ஸ்பொஞ்சும் செரமிக்கும் அதைத் தடுக்கமாட்டா. உங்கள் பீலியின் ஊற்றுக்கு மேலே தேயிலை இருக்குமானால், மருந்தோ உரமோ போட்ட பின் பெய்யும் முதல் பெருமழை கழியும்வரை தொட்டித் தண்ணீரை மாற்றாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருந்த நாளில் பிடித்து, மூடிவைத்த ஒரு பெரிய கான் தண்ணீரைக் கையிருப்பில் வைத்திருந்தால் அந்த நாட்களைச் சமாளிக்கலாம்.