வடசென்னையிலிருந்து ஒரே நாளில் மலைக்காடு: தலகோனா

கேள்வி: வடசென்னையில் இருந்து வயசானவங்க, பசங்களோட காரில் ஒரே நாளில் போய்வர மலைப்பக்கம் தேசியப் பூங்கா ஏதாவது இருக்கா?

இருக்கு, ஆனா ஆந்திராவில். தமிழ்நாட்டில் உள்ள ஐந்து தேசியப் பூங்காக்களில் கிண்டி ஊருக்குள்ளேயே இருக்கு, மன்னார் வளைகுடா கடல். மலையில் இருக்கும் முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை மூணும் மேற்கே அந்தக் கோடியில். தண்டையார்பேட்டைக்காரங்களான எங்களுக்கு ஒரு நாளில் எட்டுவது ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காதான். சேஷாசலம் மலைத்தொடரில் 353 சதுர கிலோமீட்டர், 1989-ல் அறிவிச்சது. அதுக்குள்ளதான் தலகோனா அருவி இருக்கு, உயரம் 270 அடி.

தடா அருவி பக்கம்தானேன்னு சிலர் சொல்வாங்க. பாறை மேல பாறையா தாண்டணும். பாட்டியைக் கூட்டிட்டுப் போற இடமில்லை அது.

வழி: செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர், திருப்பதி, பாக்கராபேட்டை. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. புத்தூர் நெருங்கும்போது நகரி மலையின் மூக்கு மாதிரி நீட்டின உச்சி தெரியும். ஒரு காலத்தில் கப்பல்காரங்க கரையை அடையாளம் கண்டுக்கிட்ட மலை அது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தா ஒரு தனி சந்தோஷம். வாடகை வண்டின்னா ஆந்திரா பர்மிட் போட்டாச்சான்னு முதல் நாளே டிரைவரிடம் கேட்டுக்கோங்க.

இனி முக்கியமான விஷயம். திருப்பதி வந்ததும் வண்டிக்குள்ள ஒரு பஞ்சாயத்து நடக்கும். எங்க அத்தை "இவ்ளோ தூரம் வந்துட்டு பெருமாளைப் பார்க்காம போறதா மாப்ள?"ன்னு ஆரம்பிச்சாங்க. 300 ரூபாய் டிக்கெட் கையில் இருந்தாலும் வரிசை எப்ப முடியும்னு யாரும் சொல்ல முடியாது. தரிசனமும் காடும் ஒரே நாளில் நடக்காது. "அதுக்குத் தனியா டிக்கெட் போடறேன் அத்தை"ன்னு சொல்லி நகர்ந்தோம். தலகோனாவில் அருவிக்குப் போற வழியில் சித்தேஸ்வரர் கோயில் இருக்கு. அங்க உட்கார்ந்ததும் அத்தைக்குக் கோபம் பாதி போச்சு. மீதி புளியோதரையில் போச்சு.

அருவிக்குக் கொஞ்சம் நடக்கணும், படியும் கல்லுமா இருக்கும். முட்டிவலிக்காரங்க கோயில் பக்கம் நிழலில் இருக்கட்டும். வழியில் மரத்தையே வளைக்கிற தடிமனில் கொடிகள் தொங்கும், பசங்க அதை விட்டு வரமாட்டாங்க. குரங்குகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிச்சுடும். ஈரப்பாறையில் ஏறிக் குதிக்க யாரையும் விடாதீங்க, ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

இந்த மலைதான் செம்மரத்தின் தாய்வீடு. 2015 ஏப்ரலில் இங்கே செம்மரம் வெட்ட வந்ததா சொல்லி தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ன செய்தி பலருக்கு நினைவிருக்கும். அதனால காட்டில் கிடக்கிற கட்டைத் துண்டைப் பசங்க விளையாட்டுக்கு எடுத்தாலும் அங்கேயே போட வைங்க.

மழை குறையற நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை தண்ணீர் நல்லா இருக்கும். புயல் சமயத்தில் அருவிக்கு விடாம போகலாம், விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. மே மாசம் போனா பாறையைத்தான் பார்க்கணும்.

மூணு மணிக்கெல்லாம் திரும்பிடுங்க, பாக்கராபேட்டை மலைப்பாதையை வெளிச்சத்திலேயே இறங்கிடலாம். ராத்திரி சாப்பாடு புத்தூரிலேயே முடிச்சுக்கோங்க. ஜனப்பன்சத்திரத்துக்கு அப்புறம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினா வீடு சேர எவ்வளவு நேரமாகும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.