அந்தக் காலத்துக் கிராமத்துக் குடும்பங்கள் ஆடு மாடுகளில் எதையுமே வீணாக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் மே மாத லீவுக்கு மட்டும் தாத்தா வீட்டுக்குப் போனவர் என்று தோன்றுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம், நான் லீவு முடிந்தும் அங்கேயே கிடந்தவள்.

எங்கள் ஊர் காங்கயத்துக்குப் பக்கம், நான் பிறந்தது 1964. ஒரு ஜோடி காளை, மூன்று மாடு, இருபது செம்மறி. காங்கயம் மாடு பாலுக்குப் பேர் போனது இல்லை, கன்றுக்கு விட்டது போக வேளைக்கு ஒரு லிட்டர் வந்தால் பெரிது. அந்தப் பாலையும் நாங்கள் குடிக்கவில்லை. உறை ஊற்றிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாகச் சந்தைக்குப் போய்விடும், எங்களுக்கு மோர். நெய்க்காசு ஆத்தாவுடையது, அப்பாருகூட அதில் கை வைக்க முடியாது (எங்கள் பக்கம் பாட்டி ஆத்தா, தாத்தா அப்பாரு).

சாணி என் வேலை. விடியுமுன் கட்டுத்தரையைக் கூட்டி, வாசல் தெளிக்கக் கொஞ்சம் எடுத்துவைத்து, வரட்டிக்குக் கொஞ்சம் ஒதுக்கி, மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்ட வேண்டும். வரட்டி எரிந்த சாம்பல் பாத்திரம் விளக்க. கோமியத்தில் ஊறிய கட்டுத்தரை மண்ணைக்கூட வெட்டி எடுத்துக் காட்டுக்கு, அதாவது எங்கள் விளைநிலத்துக்கு, அடித்துவிட்டுப் புதுமண் போடுவோம். ஆடுகளைக் காட்டிலேயே பட்டி போட்டு அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை படலை நகர்த்துவோம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார் அப்பாரு. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பயன்படுத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை 'உம்மேல சாணி நாத்தம்' என்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். அரப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்தப் பச்சை போகாது. இப்போது வரட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். புதுமனை புகுவிழாவுக்கு என் மருமகள் வாங்கினாள், நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, தோலுக்கு வருகிறேன். எங்கள் கிணற்றில் 1973 வரை காளை பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைதான் ஓடியது. தண்ணீர் மொள்ளும் சால் தகரம், அதை வாய்க்காலில் விடுகிற நீள வால் மட்டும் தோல். செத்த மாட்டை இழுத்துப்போய் உரித்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, அந்த வாலைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர் தெருவிலிருந்து வருவார். கூலி தானியம். கிழிந்தால் கிணற்று மேட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டுப் போடுவார். ஒரு வெயில் நாளில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஆத்தா சொம்பைக் கொடுக்கவில்லை, கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினாள். அவர் தைத்த வாலில் ஏறி வந்த தண்ணீர் அது. பக்கத்தில் நின்ற எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை.

இதில் ஜாதியை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் ஆத்தாவைத் திட்டவில்லை, அவள் சோறு தின்று வளர்ந்தவள்தான் நான். எதையும் வீணாக்கவில்லை என்று நாம் பீற்றிக்கொள்வதில் பாதி அவர் செய்த வேலை, அவ்வளவுதான்.

கிழட்டுக் காளையை என்ன செய்தீர்கள் என்றும் வருவீர்கள். விற்றோம். தரகர் எங்கே ஓட்டிப்போகிறார் என்று அப்பாரு கேட்கவில்லை. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கும் வழக்கம் இல்லை, அவிழ்த்துக்கொண்டு வந்து அடுத்த கிடாரியை அதில்தான் கட்டினார்.

அதெல்லாம் போய் கடைசியாக மிஞ்சியது மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற கல்தொட்டி. பாகம் பிரித்தபோது கிணறு சித்தப்பாவுக்கு, தொட்டி எங்களுக்கு என்று வாய்ப்பேச்சு. எழுதி வாங்காதது என் தப்பு. சித்தப்பா மகன் அதை ஏதோ விடுதிக்கு விற்றுவிட்டான், வாசலில் வைத்துத் தாமரை வளர்க்கிறார்களாம். போன மாதம் சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்தில் அவனைப் பார்த்துக் கேட்டேன். 'சும்மாதானுங்க்கா கெடந்துச்சு, வீணாப் போகுதேன்னு குடுத்தேன்' என்கிறான்.