முதலாண்டின் விடுதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் மகள் வரும் ஆகஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்கிறாள். முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. விடுதிகளை விருப்ப வரிசைப்படி பதிவுசெய்ய இன்னும் பத்து நாட்களே இருக்கின்றன. புதிதாகக் கட்டிய விடுதியில் தனியறையும் தனிக் குளியலறையும் கிடைக்கும் என்பதால் அதை முதலில் போடச் சொல்கிறேன். பள்ளித்தோழியோடு சேர்ந்து இருவர் அறை கேட்பதே நல்லது என்கிறார் என் மனைவி. மகளோ, ஏ.சி. இல்லாத, தளத்துக்கே ஒரு பொதுக் குளியலறை உள்ள பழைய விடுதியில், முன்பின் தெரியாத ஒருத்தியோடு இருக்கவே விரும்புகிறாள். அவள் கூச்ச சுபாவம் உள்ளவள், சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்பவள். நீங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பதால் கேட்கிறேன். யார் சொல்வதை ஏற்பது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மகள் சொல்வதையே ஏற்கச் சொல்வேன். ஆனால் பழைய விடுதி என்பதற்காக அல்ல. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் அறையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தளத்தை. அவளுடைய கதவுக்கும் குளியலறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், அவள் தேடிப் போகாமலேயே ஒவ்வொரு நாளும் எத்தனை முகங்கள் எதிர்ப்படும் என்பதுதான் முதலாண்டில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று உறுதியாக நம்புகிறேன். கூச்சம் உள்ள பிள்ளைக்கு அது இருமடங்கு முக்கியம். பேச்சுத் துணிவுள்ளவர்கள் எங்கிருந்தாலும் நண்பர்களைத் தேடிக்கொள்வார்கள். கூச்சமுள்ளவர்களுக்கோ நட்பு தானாக வந்து கதவைத் தட்டும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இதை நான் என் மகள் விஷயத்தில் தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். உங்களைப் போலவே நானும் புதிய கட்டடத்தில் தனியறையை வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தேன். அக்டோபரில் அவளைப் பார்க்கப் போனபோது, ஆகஸ்டில் விடுதியின் மாணவப் பொறுப்பாளர், அதாவது ஆர்.ஏ., ஒட்டிய பெயர்த்தாள் அவள் கதவில் அப்படியே இருந்தது. பக்கத்தில் தொங்கிய சிறு வெள்ளைப்பலகையில் எவருமே ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கதவு தானாகவே கனமாக மூடிக்கொண்டது. எதிர் அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். எட்டு வாரங்கள் கழிந்திருந்தன. அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது என் மனம் பட்ட பாட்டை இப்போதும் மறக்க முடியவில்லை.

அருகிருப்பதிலிருந்தே நட்பு பிறக்கிறது என்பதை உளவியலாளர்கள் வெகுகாலத்துக்கு முன்பே அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் திருமணமான மாணவர்களுக்கென அமைந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரர்களை நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிட்டவர்கள் 41 சதவீதம். இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் என்றால் 22 சதவீதம். தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களுக்கிடையே 10 சதவீதம் மட்டுமே. சில அடி தூரம்தான் இவ்வளவு வேறுபாட்டையும் உண்டாக்கியது.

ஆயினும், அப்படியானால் நீண்ட நடைபாதையும் பொதுக் குளியலறையும் உள்ள பழைய கட்டடமே சிறந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. 1970களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் ஆகிய இருவரும் நீண்ட நடைபாதை விடுதிகளையும், சில அறைகள் ஒரு பொதுக்கூடத்தைச் சுற்றி அமைந்த சூட் வகை விடுதிகளையும் ஒப்பிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நடைபாதையைப் பகிர்ந்துகொண்ட இடத்தில், மாணவர்கள் நெரிசலை உணர்ந்து ஒருவரை ஒருவர் தவிர்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேண்டாத நேரத்திலெல்லாம் முகங்கள் எதிர்ப்பட்டால் மனிதர் கதவைச் சாத்திக்கொள்கிறார். பிறகு 1980இல் பாமும் க்ளென் டேவிஸும் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய மாற்றம் செய்யப்பட்டது: நீண்ட நடைபாதை ஒன்றின் நடுவிலிருந்த மூன்று அறைகளைப் பொதுக்கூடமாக்கி, இடையே கதவுகளை வைத்து, நாற்பது பேர் இருந்த தளத்தை இருபது இருபதாகப் பிரித்தார்கள். அந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு நெரிசல் உணர்வு குறைந்தது. தம் தளத்து வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் அவர்களிடையே கூடியது. கட்டடம் அதே பழைய கட்டடம்தான்.

ஆகவே உங்கள் மகள் விரும்பும் விடுதியின் தள வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைத் தம் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. இல்லையென்றால் விடுதி அலுவலகத்திடம் கேட்டுப் பெறலாம். ஒரு நடைபாதையில் எத்தனை படுக்கைகள், ஒரு குளியலறைக்கு எத்தனை பேர், பொதுக்கூடம் தளத்தின் நடுவில் இருக்கிறதா அல்லது எவரும் போகாத அடித்தளத்திலா என்று எண்ணிப் பார்க்கட்டும். இருபது பேர் அளவிலான தளம், நடுவில் அமர்வதற்கு ஓர் இடம்: இதைவிட ஏற்றது எதையும் நான் கண்டதில்லை. அறையின் அகலம், அலமாரியின் எண்ணிக்கை, சுவரின் நிறம் ஆகியவற்றுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பள்ளித்தோழி விஷயத்தில் உங்கள் மனைவியின் கவலை எனக்குப் புரிகிறது. இருந்தும் நான் அதற்கு மாறானவன். நல்ல தோழியர் நல்ல அறைத்தோழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு விளக்கை அணைப்பாள், மற்றவள் ஆறு மணிக்கு எழுவாள். பத்து ஆண்டு நட்பு என்பதாலேயே இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவார்கள். தெரியாத ஒருத்தியோடு என்றால், முதல் வாரத்திலேயே ஆர்.ஏ. கொடுக்கும் ஒப்பந்தத் தாளில் உறங்கும் நேரம், விருந்தினர், பொருட்களைப் பகிர்வது எல்லாவற்றையும் தயக்கமின்றி எழுதிக்கொள்ளலாம். அறைத்தோழரின் தாக்கம் சிறிதல்ல என்பதும் உண்மை. டார்ட்மவுத் கல்லூரியில் குலுக்கல்போல் ஒதுக்கப்பட்ட முதலாண்டு அறைத்தோழர்களை ஆராய்ந்த புரூஸ் சசெர்டோட், ஒருவரின் மதிப்பெண்களிலும், ஃபிரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் குழுக்களில் சேரும் முடிவிலும் மற்றவரின் சாயல் படிவதை 2001இல் காட்டினார். டியூக் பல்கலைக்கழகம் 2018இல், முதலாண்டு மாணவர்கள் முன்பே தெரிந்தவரைத் தாமே அறைத்தோழராகத் தேர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்தியது. வேறு பின்னணியில் இருந்து வந்தவர்களோடு வாழப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். தோழி அதே விடுதியில் வேறு தளத்தில் இருக்கட்டும். இருவருக்கும் அதுவே நல்லது.

உறக்கம் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மின்தூக்கி, குளியலறை, பொதுக்கூடம், குப்பைக் குழாய் ஆகியவற்றை ஒட்டிய அறை அவளுக்கு ஆகாது. அறை எண்ணையே தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள இடங்களில் இதை வரைபடத்திலேயே தவிர்க்கலாம். சில வளாகங்களில் அமைதித் தளம் என்றே தனியாக உண்டு. ஏ.சி. இல்லாதது குளிர்ப் பகுதிகளில் செப்டம்பர் பாதி வரை ஒரு மின்விசிறியோடு கழிந்துவிடும். தென்மாநிலம் என்றால் யோசியுங்கள். ஆஸ்துமா போன்ற உடல்நலக் காரணம் இருந்தால் அது விருப்பத்தின் பாற்பட்டதல்ல: மாற்றுத்திறனாளர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கெடு பெரும்பாலும் முன்கூட்டியே முடிந்துவிடும் என்பதால் இன்றே விசாரியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பழைய கட்டடம் என்பதால் சொல்லியாக வேண்டும். 2000 ஜனவரி 19 அன்று நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், தீயணைப்புத் தெளிப்பான்கள் இல்லாத முதலாண்டு விடுதி ஒன்றில் பற்றிய தீயில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விடுதிகளில் தெளிப்பான்களைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அந்த மாநிலம் அதே ஆண்டில் இயற்றியது. இன்று கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் பல்கலைக்கழகங்கள், வளாகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு விடுதியிலும் என்னென்ன தீத்தடுப்பு ஏற்பாடுகள் உள்ளன என்று ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அதை எடுத்து, அந்த விடுதியின் பெயருக்கு நேராகத் தெளிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என் பரிந்துரையைத் தயங்காமல் மாற்றிக்கொள்கிறேன். அதே அமைப்புள்ள வேறு விடுதியைத் தேடுங்கள்.

வளாகத்தில் நடக்கும் குற்றங்கள் பற்றியும் பல்கலைக்கழகங்கள் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அதுவும் அப்படி ஒரு துயரத்தில் பிறந்ததே. 1986இல் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் விடுதியறையிலேயே கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கட்டட வாசற்கதவுகளை மாணவர்கள் ஏதேதோ வைத்துத் திறந்தபடி விட்டிருந்தார்கள். அந்த அறிக்கையைக் கட்டாயமாக்கி, அவள் பெற்றோரின் போராட்டத்தால் 1990இல் வந்த சட்டம் இன்று அவள் பெயரையே தாங்குகிறது. உங்கள் மகளிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதி அனுமதித்தால், விழித்திருக்கும் நேரத்தில் தன் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரட்டும், முதல் மூன்று வாரங்களில் கட்டாயமாக. கட்டடத்தின் வெளிக்கதவை மட்டும் எவருக்காகவும் எதையும் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது.

பதிவின்போது அறைத்தோழியைப் பொருத்துவதற்கான வினாத்தாள் ஒன்று வரும். எப்போது உறங்குவாய், எவ்வளவு ஒழுங்காக இருப்பாய், ஓசை பொறுப்பாயா என்றெல்லாம் கேட்பார்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் நாம் விரும்பும் விடையைத்தான் எழுதுகிறார்கள். பிறகு அந்த விடைக்குப் பொருத்தமான ஒருத்தியோடு ஓராண்டைக் கழிக்க வேண்டியதாகிவிடுகிறது. என் வீட்டில் அந்த வினாத்தாளுக்கு விடையெழுதியது நான்தான். உங்கள் வீட்டில் அவள் தன் அறையில் தனியாக உட்கார்ந்து அதை நிரப்பட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்