அடிபடாமலே சிறுநீரகத்தில் ரத்தம் கசியுமா? கசியும்

கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு அடி எதுவும் படவில்லை, ஆனாலும் ஸ்கேனில் இடது சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது, வீட்டில் "எங்கேயோ விழுந்துட்டு மறைக்கிறான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவரைத் துருவித் துருவிக் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடிபடாமலே இப்படி ஆகும், வுண்டர்லிச் சிண்ட்ரோம் என்பார்கள்.

குன்னூரில் எங்கள் அப்பாவுக்கும் இதேதான். விலாவுக்குக் கீழே திடீர் வலி, கல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சிறுநீரில் ரத்தம் தெரியவில்லை, கசிவு சிறுநீரகத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் ஸ்வெட்டருக்குள் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டுகிற அளவுக்கு வியர்த்து, விரல்கள் சில்லிட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கோவையில் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள், சிறுநீரகம் தப்பியது. காரணம் ஆஞ்சியோமயோலிபோமா என்கிற சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. அது 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் கசியும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் எல்லோருக்கும் அதுவே காரணம் என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குப் புற்றுநோய்க் கட்டி, சிலருக்கு ரத்தக்குழாய் அழற்சி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், உறைந்த ரத்தம் சின்னக் கட்டியை மறைத்துவிடும், அதனால் ரத்தம் கரைந்தபின் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் மறுபடி எப்போது என்று கேளுங்கள்.

மயக்கம், வியர்வை, வயிறு உப்பல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள், மூடுபனியில் மலை இறங்கவே நேரமாகும்.