லண்டன் பக்கம் அலாட்மென்ட் தோட்டம்: முழுத் துண்டா, பாதியா? வெண்டையும் சுரையும் வருமா?

அலாட்மென்ட், அதாவது காய்கறி போடக் கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு. அதற்கான காத்திருப்புப் பட்டியலில் உங்கள் முறை வந்துவிட்டது, முழுத் துண்டு எடுப்பதா பாதி எடுப்பதா, நம்ம ஊர்க் காய்கறி அங்கே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி எடுங்கள். பழைய ஆங்கிலக் கணக்கில் முழு அலாட்மென்ட் 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு. வேலைக்குப் போகிறவர் மண்வெட்டியோடு தனியாகச் சமாளிக்கும் அளவு அல்ல அது. பாதித் துண்டுக்கே மே முதல் ஜூலை வரை வாரம் இரண்டு நடை, மொத்தம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் பெரும்பங்கு களைக்குத்தான் போகும். நிலத்தைத் தரிசாக விட்டால் கவுன்சிலிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும், பிறகு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். விளைச்சலை வியாபாரமாக விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பெரும்பாலும் சொந்தக் குடும்பத்துக்குக் காய், பழம் விளைவிக்கும் நிலம்.

பெரும்பாலும் கைக்கு வருவது இடுப்பளவு புல் மண்டிய நிலம். உடனே ரோட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து உழத் தோன்றும். செய்யாதீர்கள். பைண்ட்வீட் கொடிக்கும் கவுச் புல்லுக்கும் மண்ணுக்குள் வெள்ளை வேர் ஓடும். அதை இயந்திரம் நூறு துண்டாக வெட்டினால் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச் செடியாக முளைக்கும். முதல் வாரத்தில் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆறாவது வாரத்தில் முன்பைவிட மோசம்.

அதற்குப் பதிலாகப் புல்லைத் தரையோடு வெட்டிவிட்டு, முக்கால்வாசி நிலத்தைக் கனமான கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். மீதியில் 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளத்தில் இரண்டு பாத்தி. அகலம் அதற்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, பாத்திக்குள் மிதிக்க வேண்டிவரும். லண்டன் களிமண்ணை ஈரத்தில் மிதித்தால் காய்ந்ததும் செங்கல்தான். பாத்தியின் மேல் பழுப்பு அட்டைப்பெட்டிகளை டேப் உரித்து, 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நனைத்து, அதன்மேல் 10 செ.மீ. கம்போஸ்ட். ஒரு பாத்திக்கு 360 லிட்டர் பிடிக்கும். 50 லிட்டர் பை என்றால் ஏழு, எட்டு. பாத்திகளுக்கு நடுவே 45 செ.மீ. நடைபாதை. பழைய கார்ப்பெட் போட்டு மூடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல இடங்களில் தடை, செயற்கை நார் மண்ணோடு கலந்து எடுக்கவே வராது.

குதிரைத் தொழுவுரம் இலவசம் என்று வாசலில் கொட்டியிருப்பார்கள். சோதிக்காமல் போடாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் அமினோபைராலிட் மருந்து, காய்ந்த புல், குதிரை வயிறு, சாணம் எல்லாம் தாண்டியும் வீரியம் குறையாமல் வந்து சேரும். சோதிக்கும் முறை: மூன்று தொட்டியில் தொழுவுரமும் கம்போஸ்டும் பாதிப் பாதி, மூன்றில் வெறும் கம்போஸ்ட். எல்லாவற்றிலும் பிராட் பீன்ஸ் ஊன்றுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போல் குவிந்து, நுனி சுருண்டு வந்தால் அந்த உரம் தக்காளி, உருளை, பீன்ஸ் எல்லாவற்றையும் கெடுக்கும்.

இனி நம்ம ஊர்க் காய். வெளியே, திறந்த பாத்தியில் நிச்சயமாக வருவது கீரைதான். வெந்தயக்கீரைக்குத் தனி விதை வாங்க வேண்டாம். மளிகைக்கடை வெந்தயமே முளைக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை, சதுர மீட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி தூவி லேசாக மண் மூடினால் ஐந்து வாரத்தில் அறுக்கலாம். புறாவுக்கும் பிடிக்கும், வலை போடுங்கள். தண்டுக்கீரை, சிவப்புக்கீரையை மே கடைசிக்கு முன் விதைக்காதீர்கள். குளிர்ந்த மண்ணில் நாற்று அழுகும், தப்பியது குட்டையாகவே நின்று பூத்துவிடும். கொத்தமல்லி நேர்மாறு. ஜூன் வெயிலில் மூன்று வாரத்தில் தண்டு நீட்டிப் பூத்துவிடும், ஆகஸ்ட் பாதிக்கு மேல் விதைத்தால் உறைபனி வரை நின்று கொடுக்கும்.

வெண்டை, சுரை, பீர்க்கு, புடலைக்குப் பாலிடனலோ (வளைவுச் சட்டத்தில் பிளாஸ்டிக் போர்த்திய குடில்) பசுமைக்குடிலோ வேண்டும். வெளியே நட்டால் நல்ல கோடையில்கூடப் பெயருக்கு நாலு காய்தான். குடில் போட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், அளவுக்கும் கட்டுப்பாடு இருக்கும். சுரை விதையை ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் 9 செ.மீ. தொட்டியில் ஊன்றி, ஜூன் முதல் வாரம் நடுங்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் கொடி நகராது. ஆறேழு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், பெண் பூ அதில்தான் அதிகம். பிஞ்சு கட்டைவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது என்று எல்லோரும் உரத்தைக் குறை சொல்வார்கள். காரணம் வேறு: சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் விரியும், அந்த நேரத்தில் மூடிய குடிலுக்குள் பூச்சி வருவதில்லை. ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் குட்டிச் சுரை தெரியும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். மறுநாளிலிருந்து பிஞ்சின் காம்பு தடிக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மிளகாயை ஜனவரி, பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விதைத்துவிட வேண்டும். பழுக்கக் காத்திருக்கத் தேவையில்லாதது நமக்கு ஒரு வசதி. முருங்கை, வாழைக்குலை ஆசையெல்லாம் வேண்டாம்.

அந்த ஊர்ப் பயிரில் உருளையும் பூண்டும் முதல் வருடத்துக்கு நம்பகமானவை. உருளையில் முன்கூட்டி விளையும் ரகமாக வாங்கி, மார்ச் கடைசியில் 12 செ.மீ. ஆழம், 30 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஜூன் கடைசியில் தோண்டலாம். ஜூலையில் வரும் பிளைட் (இலைக்கருகல்) நோயிலிருந்து அதுதான் தப்பும் வழி. தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல், நாளுக்கு ஆறு மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால் நோய் பரவும் காலம். இலையில் பழுப்புத் திட்டு கண்டால் தண்டை அன்றே அடியோடு வெட்டி அகற்றி, கிழங்கை இரண்டு வாரம் கழித்துத் தோண்டுங்கள். திறந்த வெளித் தக்காளிக்கும் அதே நோய்தான். கிரிம்சன் கிரஷ் போன்ற எதிர்ப்பு ரகம் அல்லாமல் வெளியே நடுவது வீண்.

ஓடில்லா நத்தைக்கு முன்பு போட்ட மெட்டால்டிஹைடு குருணை 2022 முதல் பிரிட்டனில் தடை. ஃபெரிக் பாஸ்பேட் குருணை போடலாம், ஆனால் அதைவிட நாற்றைத் தொட்டியில் நாலைந்து இலை வரை வளர்த்து நடுவதுதான் பயன். விதையை நேராகப் போட்ட வரிசை ஒரே மழை இரவில் காலியாகும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன சுகம் என்றால், கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை: பூசணிக் கொழுந்து, இளம் பிராட் பீன்ஸ் நுனி, பறித்த ஒரு மணி நேரத்தில் வேகவைத்த மக்காச்சோளம். சோளத்தின் சர்க்கரை பறித்ததிலிருந்தே மாவாக மாறத் தொடங்குவதால் கடைச் சோளத்துக்கு அந்த ருசி இருக்காது. நடும்போது ஒரே வரிசையாக நடாமல் 45 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுங்கள், மகரந்தம் காற்றில்தான் சேர்கிறது. பக்கத்துத் துண்டுக்காரர்கள் நாற்று, கருவி, அறிவுரை மூன்றும் தாராளமாகக் கொடுப்பார்கள். மூன்றாவதுதான் கொஞ்சம் அதிகம்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல்: ஆகஸ்டில் குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போக வேண்டும். தோட்டம் உச்சத்தில் இருக்கும் மாதமும் அதுவே. போவது உறுதியென்றால் ஜூலைக்குள் முடியும் பயிரை முதலிலேயே திட்டமிடுங்கள்: அக்டோபரில் ஊன்றிய பூண்டு, நவம்பரில் ஊன்றிய பிராட் பீன்ஸ், முன்கூட்டி விளையும் உருளை. காலியாகும் பாத்தியை மூடிவிட்டுப் போகலாம். பூசணி மட்டும் தானாகக் கிடக்கும். சுரையும் ரன்னர் பீன்ஸும் இருந்தால் பக்கத்துத் துண்டுக்காரரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்வதோடு, காயைப் பறித்துத் தமக்கே எடுத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கொடியில் ஒரு காய் முற்ற விட்டால் புதுப் பூ குறைந்துவிடும், திரும்பி வரும்போது உங்களுக்கு ஒன்றும் இருக்காது.