மெண்டர் வராவிட்டால் ப்ராஜெக்ட் சென்டரா?

கேள்வி: வேலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் 11 பேர் சேர்ந்து ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டிக்கு அணி பதிவு செய்திருக்கிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரில் குரோமியம் இருந்தால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்குவது எங்கள் திட்டம். கல்லூரியில் ஒளிர்வை அளக்கும் கருவி இல்லை. பொறுப்பாளராகக் கையெழுத்திட்ட பேராசிரியர் ஆய்வகப் பக்கம் மாதம் ஒருமுறை வந்தாலே அதிகம். சென்னையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர், 4 லட்சம் கொடுத்தால் ஆய்வகவேலை, இணையப் பக்கம், பாலாற்றில் கள ஆய்வு எல்லாம் முடித்துத் தருகிறோம், தங்கப் பதக்கம் உறுதி என்கிறது. 40 ஆயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா? கட்டாவிட்டால் வேறு வழி இருக்கிறதா?

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். வழி இருக்கிறது. ஆனால் கட்டக்கூடாது என்பதற்கான காரணம் உங்கள் 11 பேருக்கும் புரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொருவர் 3 லட்சத்துக்குச் செய்து தருகிறேன் என்று வருவார், மறுபடியும் மனம் தடுமாறும்.

முதலில் அந்த 'தங்கம் உறுதி'யை எடுத்துக்கொள்வோம். ஐஜெம் 2003-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்களுக்கான ஒரு மாத வகுப்பாகத் தொடங்கியது. மறு ஆண்டு 5 பல்கலைக்கழக அணிகள் மோதின. இன்று உலகெங்கிலும் இருந்து நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. 2022 முதல் நிறைவு விழா பாரிஸில் நடக்கிறது. இதில் தங்கப் பதக்கம் நம் ஊர் ஓட்டப்பந்தயம்போல முதலில் வந்த ஒருவருக்கு மட்டும் கிடைப்பதல்ல. வெண்கலத்துக்கு இன்னின்ன, வெள்ளிக்கு இன்னின்ன, தங்கத்துக்கு இன்னின்ன என்று நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நிறைவேற்றுகிற எந்த அணிக்கும் தங்கம் உண்டு. 50 அணி நிறைவேற்றினால் 50 அணிக்கும் உண்டு. சிபாரிசுக்கோ செல்வாக்குக்கோ அங்கே வேலையே கிடையாது. இது தெரியாத மாணவர்களிடம்தான் சென்டர்காரர்கள் பதக்கத்தை ஏதோ சீட்டு வாங்கித் தருவதுபோல விற்கிறார்கள்.

வெண்கலத்துக்கான நிபந்தனைகளிலேயே ஒன்று, எந்த வேலையை யார் செய்தார்கள் என்று வெளிப்படையாக அறிவிப்பது. ப்ரைமர் (மரபணுவை நகலெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்தது யார், படம் வரைந்தது யார், அறிவுரை சொன்னது யார், வெளியே காசு கொடுத்துச் செய்தது எது என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். சென்டர் செய்தது என்று உண்மையை எழுதினால் உங்கள் வேலை என்று காட்ட எதுவும் மிஞ்சாது. மறைத்து எழுதினால் அது பொய் அறிவிப்பு. இணையப் பக்கத்தையும் போட்டிக்காரர்களின் சொந்த சர்வரில், கிட்லேப் என்ற மென்பொருள் தளம் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். யார் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எந்த வரி ஏறியது என்பது அதில் பதிவாகும். கடைசி வாரத்தில் ஒரே கணக்கிலிருந்து மொத்தமும் வந்து விழுந்தால், பார்க்கிற நடுவருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அதைவிட, நடுவர்கள் நேரில் கேட்கும் கேள்விகள். 'ஏன் இந்த ப்ரோமோட்டரை எடுத்தீர்கள்?' என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ப்ரோமோட்டர் என்பது மரபணுவுக்கு முன்னால் இருக்கும் சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே உட்கார்ந்து நாலைந்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், தப்பான தேர்வாக இருந்தால்கூடப் பதில் வரும். வாங்கிய திட்டத்தில் அந்தப் பதில் வராது.

உங்கள் திட்டத்திலேயே காட்டுகிறேன். தோல் பதனிடும்போது ஊற்றுவது குரோமியம்-3 வகைச் சேர்மம். நஞ்சு அதிகமானது குரோமியம்-6. பாக்டீரியாக்களிடம் இயற்கையாக இருக்கும் குரோமேட் உணரிப் புரதம் 6-ஐத்தான் கண்டுகொள்ளும். நீங்கள் தேடுவது எதை? எதைத் தேடினால் வாணியம்பாடியில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவருக்குப் பயன்? சென்டர் கொடுத்த திட்ட அறிக்கையின் நகலையும் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். அதில் 'குரோமியம்' என்று பொதுவாக மட்டும்தான் இருக்கிறது. எழுதியவருக்கு இந்த வேறுபாடே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

'பாலாற்றில் கள ஆய்வு' என்பதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மரபணு மாற்றிய உயிரியை ஆய்வகத்துக்கு வெளியே விடக்கூடாது என்பது இந்தப் போட்டியின் அடிப்படை விதி. மீறினால் அணியையே நீக்கலாம். நம் நாட்டுச் சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஆற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். பாக்டீரியாவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதைக்கூடச் சொல்லித்தராதவர்களுக்கா 4 லட்சம்?

சென்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் ஐபிஎஸ்சி பதிவு எண் என்ன?' சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி, மரபணு மாற்ற வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதைத்தான் ஐபிஎஸ்சி என்கிறோம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவரும் அதில் உட்காருவார். மாடியில் இரண்டு அறை எடுத்து, ஒரு பிசிஆர் கருவியும் ஒரு இன்குபேட்டரும் வைத்து நடத்துகிற சென்டர்களிடம் நான் இதுவரை கேட்டதில் ஒருவர்கூட எண் சொன்னதில்லை. 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்பார்கள். அதுதான் உங்களுக்கான பதில்.

இன்னொன்றையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வழிகாட்டிய அணி ஒன்று, எனக்குத் தெரியாமல், இப்படி ஒரு சென்டரில் பிளாஸ்மிட் (மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் வட்ட டிஎன்ஏ) வாங்கி வந்தது. சின்ன ட்யூப், மூடியில் மார்க்கர் பேனாவால் 'ஜிஎஃப்பி', அதாவது பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணு, என்று எழுத்து. அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். ஐஸில் வைத்து, 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி ஐஸ் என்று எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மறுநாள், பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியா மட்டும் வளரும் குளோராம்ஃபெனிகால் மருந்துத் தட்டில் காலனிகள் நிறைய வந்திருந்தன. நீல விளக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட ஒளிரவில்லை. ஒரு மாணவி தட்டைத் திருப்பித் திருப்பி, விளக்குக்குக் கிட்டே, தூரத்தில் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைத்தவறு என்றே நினைத்து மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசியில் என்னிடம் வந்தார்கள். இரண்டு நொதிகளால் வெட்டி ஜெல்லில் ஓட்டினோம். டிஎன்ஏ எழுத்துக் கணக்கில் 2,070-ல் பிளாஸ்மிட்டின் பட்டை, 900-த்தை ஒட்டி மரபணுவின் பட்டை என்று இரண்டு வர வேண்டும். வந்தது 2,070 மட்டும். மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட்டை விற்றிருக்கிறார்கள். போன மூன்று வாரம் போனதுதான். அன்றிலிருந்து, யார் கொடுத்த ட்யூபாக இருந்தாலும் வெட்டிப் பார்க்காமல் தொடாதே என்று எல்லா மாணவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்படியென்றால் வெளியே காசு கொடுத்து எதையுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். இதில் நல்ல மாணவர்களும் குழம்பிப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ப்ரைமர் செய்து வாங்குவது, மரபணுவைச் செயற்கையாக எழுதி வாங்குவது, டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கக் கொடுப்பது எல்லாம் உலகத்தில் எல்லா அணியும் செய்வதுதான். எந்தப் பெரிய ஆய்வகமும் இன்று ப்ரைமரைத் தானே தயாரிப்பதில்லை. உங்களிடம் இல்லாத ஒரு கருவியில் அளந்து வர இன்னொரு கல்லூரிக்குப் போவதும் சரிதான். அவர்களே அளந்து கொடுத்தாலும் சரிதான். எங்கே, எவரிடம், என்ன அளந்தோம் என்று அறிவிப்பில் எழுதினால் போதும். இதற்கும் சென்டருக்கும் என்ன வித்தியாசம் என்றால், முடிவு தவறாக வந்தால் தவறு எங்கே என்று உங்களால் தேட முடிய வேண்டும். வரிசை படித்த கோப்பு உங்கள் கையில் இருக்கிறது, பிளாஸ்மிட்டின் வரைபடம் உங்கள் கையில் இருக்கிறது, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். அப்போது அது சேவை. மூடிய பெட்டியாக வந்து, திறந்து பார்க்க முடியாவிட்டால் அது வாங்கிய வேலை. விலையை வைத்துக்கூட முடிவு செய்யாதீர்கள். 50 ஆயிரத்துக்கு மரபணு எழுதி வாங்குவது நேர்மையான செலவாக இருக்கலாம். 5 ஆயிரத்துக்கு ஒரு கிராஃபை மட்டும் வாங்குவது ஏமாற்று.

சரி, உங்கள் பேராசிரியர். அவர் ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களா? வகுப்பு, தேர்வு, விடைத்தாள், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் ஆய்வுக்கான கோப்புகள், அட்மிஷன் வேலை என்று எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்த பிறகு, இதற்கென்று வாரம் இரண்டு மணி நேரம்கூட நிர்வாகம் ஒதுக்கியிருக்காது. பதக்கம் வந்தால் மட்டும் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைப்பார்கள். சில நூறு ரூபாய் ப்ரைமருக்கு மூன்று கொட்டேஷன், கமிட்டி, துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, கணக்குப் பிரிவு என்று ஆறு வாரம் அலைய விடுவார்கள். போட்டிக்கான இணையப் பக்கம் அக்டோபரில் பூட்டிவிடும் என்று சொன்னால், 'அதுக்கு நாங்க என்ன பண்றது' என்பார்கள். இந்த ஓட்டையில்தான் சென்டர்காரன் நுழைகிறான். கல்லூரி ஒரு வாரத்தில் வாங்கிக் கொடுத்தால் அவனுக்குக் கடையே கிடையாது. இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன், ஒரு கொள்முதல் விதிகூட மாறவில்லை.

அதனால் பேராசிரியரிடம் 'சார், நேரம் ஒதுக்குங்க' என்று பொதுவாகப் போய் நிற்காதீர்கள். மூன்றே விஷயம் கேளுங்கள். கல்லூரி ஐபிஎஸ்சிக்கு உங்கள் திட்டத்தைத் தெரிவித்து, வேலை தொடங்குவதற்கு முன் கடிதம் வாங்கித் தரவேண்டும். சாதாரண ஆய்வக ஈ.கோலை வைத்துச் செய்யும் வேலை ஆபத்துக் குறைந்த பிரிவில்தான் வரும் என்பதால் இது மலையைப் புரட்டுகிற காரியமில்லை, ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் நடக்காது. அடுத்தது, பொருள் வாங்கும் பட்டியல் மொத்தத்தையும் ஒரே தடவையில் கையெழுத்திட்டுத் தருவது. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு கிழமையில், குறிப்பிட்ட நேரத்தில், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். முதல் பக்கத்தில் 'இந்த வாரம் எது வரவில்லை' என்று எழுதியிருக்கட்டும். வராததைக் காட்டுகிற மாணவனை உட்கார வைத்துப் பேசாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

அணிக்கு இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் யாரையாவது கேளுங்கள். பிஎச்டி முடித்த கை இன்னும் சூடாக இருக்கும், பைப்பெட் பிடிக்க ஆசையும் இருக்கும். அன்றாடச் சந்தேகத்துக்கு ஆராய்ச்சி மாணவர் அக்கா, அண்ணன் ஒருவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியிலிருந்து 2008-லேயே அணி போயிருக்கிறது. இப்படிப் போய்வந்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டால் சொல்லித்தருகிற வழக்கம் அந்த வட்டத்தில் உண்டு, காசு கேட்கமாட்டார்கள். பழைய அணிகளின் பக்கங்களும் திறந்தே கிடக்கின்றன. உங்களுக்கு நெருக்கமானது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 2006 அணி. கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று காட்டும் பாக்டீரியா. விலையுயர்ந்த கருவி இல்லாத ஊரிலும் பயன்பட வேண்டும் என்று, ஒளியை விட்டுவிட்டு அமிலத்தன்மை மாறுவதை வைத்துக் காட்டினார்கள். ஏன் அப்படி யோசித்தார்கள் என்பதைப் படியுங்கள்.

திட்டத்தையும் சுருக்குங்கள். ஒரு உணரி, ஒரு நிறம், ஒரு கிராஃப் போதும். உங்கள் கல்லூரியில் ஒளிர்வை அளக்கும் கருவி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை ஒளியை விடுங்கள். பவளத்திலிருந்து வந்த அமில்சிபி என்ற நீல நிறப் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும். குரோமியம் இல்லாத குழாய் ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய குழாய்கள் ஐந்தாறு, ஒவ்வொன்றும் மூன்று தடவை. குரோமியம் கூடும்போது பாக்டீரியா சாகவும் செய்யும், அப்போது நிறம் குறைவது உணரியின் குறையா, செல்கள் குறைந்ததா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு குழாயிலும் செல் அடர்த்தியை 600 நானோமீட்டர் ஒளியில் அளந்து நிறத்தின் அளவை அதால் வகுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி அளக்கும் கருவி எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். வாணியம்பாடி போய்க் கிணற்றுக்காரர்களிடமும் தோல் தொழிலாளிகளிடமும் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். நடுவர்கள் அதற்குத் தனியாக மதிப்புக் கொடுக்கிறார்கள். பாலாற்றங்கரைப் பேச்சை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள பாரிஸுக்கு வருகிற வேறு எந்த அணியாலும் முடியாது.

முன்பணம் 40 ஆயிரத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, 'தங்கம் உறுதி' என்ற அந்தத் தாள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பாக, நாளைக் காலையே, உங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இதே குரோமியம் அறிக்கையை அந்தச் சென்டர் இன்னொரு கல்லூரிக்கும் விற்றிருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. அது வெளியே வரும்போது அணியின் பெயருக்குக் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.