ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி: 0.66 சரியா, 0.75 சரியா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஜெர்மானியப் படிகத்தைச் சூடாக்கி ஃபோர் புரோப் சோதனை (நான்கு ஊசிமுனைகளால் மின்தடை எண்ணை அளப்பது) செய்ததில், ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரானை மின்சாரம் கடத்த விடுவிக்கத் தேவையான ஆற்றல், 0.75 எலக்ட்ரான் வோல்ட் வந்தது. புத்தகத்தில் 0.66 என்று இருக்கிறது. படிகத்தில் பல ஐசோடோப்கள் (ஒரே தனிமத்தின், நிறை மட்டும் வேறுபட்ட அணுக்கள்) கலந்திருப்பதுதான் காரணம் என்று ரெக்கார்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். புத்தகத்து 0.66-உம் அதே இயற்கைக் கலவையில் அளந்ததுதானே! உங்கள் அளவீட்டிலும் பெரிய பிழை இல்லை.

0.66 என்பது 300 கெல்வினில் உள்ள மதிப்பு. சூடு ஏற ஏற அணுக்களின் அதிர்வு கூடுகிறது, படிகமும் விரிகிறது, இடைவெளி சுருங்குகிறது. தனிச்சுழியில் (0 கெல்வினில்) 0.744 ஆக இருப்பது 370 கெல்வினில் கிட்டத்தட்ட 0.64 ஆகிவிடும்.

அப்படியானால் உங்களுக்கு 0.66-ஐ விடக் குறைவாக அல்லவா வந்திருக்க வேண்டும்? நீங்கள் இடைவெளியை நேரடியாக அளக்கவில்லை. மின்தடை எண்ணின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழோடு வரைந்து சாய்வு எடுத்தீர்கள். அந்த மடக்கையில் இடைவெளி வருவது வெப்பநிலையால் வகுபட்டுத்தான். இந்த வெப்பநிலைகளில் இடைவெளி கெல்வினுக்கு 0.0004 வீதம், ஏறக்குறைய நேர்கோட்டில் குறைகிறது. அந்தக் குறைவை வெப்பநிலையால் வகுத்தால் மிஞ்சுவது ஒரு மாறிலி. அது கோட்டை மேலும் கீழும் நகர்த்தும், சாய்வைத் தொடாது. ஆகவே சாய்வு தருவது, அந்த நேர்கோட்டைத் தனிச்சுழி வரை நீட்டினால் கிடைக்கும் மதிப்பு: சுமார் 0.78. எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்கள்) நகரும் திறன் சூட்டில் குறைவது அதைச் சற்றே கீழே இழுக்கும். 0.75 நல்ல விடைதான். வைவாவில் இதைக் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

சரி, ஐசோடோப் விளைவு பொய்யா? இல்லை. தனிச்சுழியிலும் அணு சும்மா இருப்பதில்லை. லேசான அணு கூடுதலாக ஆடும். அதனால் இடைவெளியும் கூடுதலாகக் குறையும். ஆனால் ஜெர்மானியம் 70-க்குப் பதிலாக முழுக்க 76-ஐ வைத்துப் படிகம் வளர்த்தாலும், கடுங்குளிரில் இடைவெளி கூடுவது சுமார் 0.002 மட்டுமே. சூடு ஏறினால் அதுவும் தேய்ந்துபோகும். அப்போது ஆட்டத்தின் வீச்சு நிறையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. வைரத்தில் கொஞ்சம் தாராளம்: கார்பன் 12-ஐ 13 ஆக மாற்றினால் 0.014 வரை கூடும். உங்கள் வித்தியாசமோ 0.09.

திரும்பச் செய்வதாக இருந்தால், ஹீட்டரை அணைத்துவிட்டு மெதுவாக ஆறும்போது அளவெடுங்கள். சூடேறும் வேகத்தில் வெப்பமானியும் படிகமும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. அப்புறம், குளிர்ந்த முனையில் கோடு வளைந்தால் அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரத்தைக் கடத்துவது பெரும்பாலும் மாசு அணுக்கள் தந்த ஊர்திகள் (எலக்ட்ரான்கள் அல்லது துளைகள்).